காண்டாமிருகம் விழும் விதம்

கல்முனை மெயின் வீதி, டயர்க்கடைக்கு மேலே,
இரவு ஷிப்டில் நாங்கள் நாலு பேர்
ஒரு தபால்காரக் காண்டாமிருகத்தை
விழுத்திக்கொண்டிருந்தோம்.

எண்பது வருடத்துக்கு முன்னம்
எங்கோ ஒரு குளிர்தேசத்தில் முதல்முறை விழுந்தது அது,
கறுப்பு வெள்ளையில், ஒரு கீரியின் சூழ்ச்சியால்.
வரைந்த கைகள் எல்லாம் மண்ணுக்குள்.
மிருகத்துக்கு ஒரு கீறலில்லை.
இப்போது நிறத்தோடு திரும்ப வருகிறது.
விழத் தொடங்குவதையும் விழுந்து முடிவதையும்
அவர்களே வரைந்து அனுப்புகிறார்கள்.
நடுவில் இருக்கும் காற்று எங்களுக்கு,
செக்கனுக்கு இவ்வளவு என்று.

கூடவே ஒரு கட்டளைக் கடதாசி:
துப்பாக்கி கூடாது. சுருட்டுக் கூடாது.
டைனமைட் பரவாயில்லை,
முகம் கரியாகி, கண் இரண்டும் சிமிட்டினால் போதும்.
பர்ஸான் கேட்டான்,
"அது மட்டும் ஏன் பரவாயில்லயாம்?"
நிலுக்ஷி திரையிலிருந்து நிமிராமல் சொன்னாள்,
"அது அவங்கட ஊர்ல வெடிக்கல்ல போல."

வாழைப்பழத் தோல்தான் சரிவரவில்லை.
மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள்,
பாரம் போதாது, பாரம் போதாது என்று.
ஒருவர் விழுந்து காட்டினால்தானே தெரியும்.
சந்தையில் இரண்டு சீப்புக் கதலி வாங்கி,
வயிறு முட்டச் சாப்பிட்டு,
தோலை டைல்ஸில் பரப்பி,
போனை ஸ்டூலில் சாத்தி வைத்தோம்.
நடந்தோம். ஓடினோம்.
பர்ஸான் கண்ணை மூடிக்கொண்டும் போய்ப் பார்த்தான்.
தோல் காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.
உலகத்தின் மிகப் பழைய பகிடி பொய்யென்று
இரவு ஒன்றரைக்குக் கண்டுபிடித்தோம்.

மறுகா முதலாளி வந்தார்.
சம்பளம் அடுத்த மாதம்தான் என்று சொல்ல வந்த இஸ்ஸதீன் முதலாளி
"சம்ப" வரைக்கும் சொன்னார்.

இரண்டு காலும் மேலே.
கையிலிருந்த திறப்புக்கோர்வை
மின்விசிறியில் பட்டு யன்னலுக்கு வெளியே போனது.
தொபுக்கடீர் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள்.
அதுதான் சத்தம்.

காண்டாமிருகம் பன்னிரண்டாவது பிரேமில் எழும்பும்.
அரைச் செக்கன். தலையைச் சுற்றிக் குருவிகள்,
ஒரு உதறல், ஓட்டம்.
முதலாளி பன்னிரண்டில் எழும்பவில்லை.
இருபத்துநாலிலும் எழும்பவில்லை.
சிரிக்கத் திறந்த வாயை
அப்படியே வைத்துக்கொண்டு நின்றோம்.
சத்தத்துக்கும்
யாராவது ஒருவர் அசைவதற்கும் நடுவில்
எத்தனை என்று எண்ண
எங்கள் ஊருக்கு யாரும் பழக்கத் தேவையில்லை.

நூற்றுச் சொச்சமாவது பிரேமில்
முகட்டைப் பார்த்தபடியே கேட்டார்,
"புடிச்சிட்டீங்களா?"

டயர்க்கடைக் காவலாளி
டோர்ச்சோடு படியேறி வரும்வரை சிரித்தோம்.

ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி வரைந்தோம்,
உடம்பு தரையில் பட்ட பிறகும்
வயிறு மட்டும் இன்னும் விழுந்துகொண்டிருப்பது உட்பட.
குளிர்தேசத்திலிருந்து பதில் வந்தது:
பாரம் அருமை.
ஆனால் ஏனோ பயமாக இருக்கிறது.
எழும்புவதைப் பன்னிரண்டுக்குள் கொண்டுவரவும்.

கொண்டுவந்தோம்.

முதலாளியின் வலக்கையில் மாவுக்கட்டு.
இடக்கையால் ஒப்பமிட்ட எங்கள் காசோலைகள் நாலும்
கையெழுத்துப் பிழையென்று
வங்கியிலிருந்து துள்ளித் திரும்பின.
அதைச் சொல்லத்தான் மறுபடியும் ஏறி வந்தார்.
வாசலில் நின்றார்.
மெதுவாகக் கீழே குனியத் தொடங்கியது தலை.

மலை விளிம்பு தாண்டி வெறுங்காற்றில் நடப்பவன்,
கீழே பார்க்கும்வரை விழமாட்டான்.
எங்கள் தொழிலில் அது ஒன்றுதான் சட்டம்.

நாலு பேரும் ஒன்றாய்க் கத்தினோம்,
"கீழ பார்க்காதீங்க!"